கண் திறக்காத சீஸ்

சிறுமலை
8.6.1997

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் மருமகள் ஜெயமேரி எழுதிக்கொண்டது. மலைக் குளிர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தை சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா?

ஒரு வேலை விஷயமாக எழுதுகிறேன். எங்கள் சீஸ் ரூமை நடத்தும் பிரதர் இஞ்ஞாசி ஒரு காலண்டர் அடிக்கப் போகிறார். மதுரை ஓட்டல்காரர்களுக்கு எது என்ன சீஸ் என்று அடையாளம் தெரியவில்லை. போட்டோ எடுத்துப் பார்த்தோம். எல்லாம் துணி சோப்பு மாதிரியே வந்திருக்கிறது. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூஞ்சி இருக்கு ஜெயமேரி. அது கேமராவுக்குத் தெரியல. மூஞ்சி வரையிற ஆளு யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார். செத்தவர்கள் படம் வரைவதில் திண்டுக்கல்லில் எங்கள் மாமாவை அடிக்க ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் சீஸை சகாயராஜ் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். எரியோட்டுக்காரர், எங்களோடு பால் காய்ச்சுகிறவர். சனிக்கிழமைதோறும் சரக்கோடு பஸ்ஸில் திண்டுக்கல்லுக்கு இறங்குவார். கூடையில் ஒரு சீட்டு இருக்கிறது, அதில் தேதிகள் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகன் படம் எந்த அளவில் இருக்கிறது மாமா? அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. இருக்கிற ஒரே கல்யாணப் போட்டோவிலும் ஃபிளாஷ் அடித்ததில் கண்ணை மூடிவிட்டார். நீங்கள் வரைந்து கொடுத்தால் அவர் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். கல்லறைத் திருநாளுக்குள் முடிந்தால் போதும்.

மருமகள்,
ஜெயமேரி


மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
17.6.1997

மரியே வாழ்க.

அன்பு மருமகள் ஜெயமேரிக்கு மாமா அந்தோணிமுத்து எழுதுவது. முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை. அத்தை மாத்திரை போடுகிறாள், அதன்மேல் மைசூர்பாகும் போடுகிறாள்.

உன் கடிதமும் உன் சீஸும் ஒரே நாளில் வந்தன. கடிதம் நல்ல நிலையில் இருந்தது. "என்னா நாத்தம்டா சாமி, ஊசிப்போன பன்னீரைப் போயி ஒரு ஆளு மலையில இருந்து சுமந்துட்டு வந்திருக்கானே" என்று அத்தை அதைக் கோழிக்குப் போடக் கிளம்பிவிட்டாள். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

முப்பத்தொரு வருஷமாகப் படம் போடுகிறேன். எனக்கு உட்கார்ந்தவர்கள் யாரும் வேர்த்ததில்லை. உன் மிளகுச் சீஸ் பதினோரு மணிக்கு வேர்த்து, பன்னிரண்டு மணிக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு மண்பானையைக் கவிழ்த்து, ஈரத்துணி போட்டு, அதன்மேல் உட்கார வைத்தேன். ஈ மொய்க்காமல் சகாயராஜ்தான் விசிறிக்கொண்டு நின்றான். நல்ல பொறுமைசாலி. படம் முடிந்து அவனிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். பிரதருக்குப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பச் சொல்.

நேரில் கொண்டுவந்து காட்டலாம், இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் செல்வம் ஓட்டிய வாழைக்காய் லாரி பதினோராவது வளைவில் உருண்டதிலிருந்து அந்தப் பக்கச் சன்னலைக்கூட நான் திறப்பதில்லை. உனக்கே தெரியும். நீ எப்படித்தான் அந்த மலையிலேயே வேலைக்குப் போனாயோ. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

செல்வம் படம் ஆகிக்கொண்டிருக்கிறது. சட்டை முடிந்தது. உன் கடிதங்களை அத்தைக்கு நான்தான் சத்தமாக வாசிக்கிறேன். ஒரு தரம் போதாதாம், இரண்டு தரம் வாசிக்கச் சொல்கிறாள். எழுத்தைப் பெரிசாக எழுது.

மாமா


சிறுமலை
2.7.1997

அன்புள்ள மாமா, அத்தைக்கு வணக்கம். எல்லாரும் சுகந்தானே? இங்கே சாரல் பிடித்துக்கொண்டது.

பிரதர் இஞ்ஞாசி படத்தைப் பிரித்ததும் சிலுவை போட்டுக்கொண்டார் மாமா! பின்னால் நீல ஆகாயம், நடுவில் மிளகுச் சீஸ், கீழே உங்கள் அழகான கையெழுத்தில் "தோற்றம் 4.3.1997, மறைவு 7.6.1997" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சீட்டில் எழுதியது பால் திரித்த தேதியும் சீஸை வெட்டிய தேதியும். உங்கள் கை பழக்கத்தில் போய்விட்டது. சகாயராஜ் சிரித்த சிரிப்பில் ஒரு வாளி பால் கவிழ்ந்தது. பிரதர் மட்டும் சிரிக்கவில்லை. "தப்பு ஒண்ணும் இல்லியே. அன்னைக்குப் பிறந்துச்சு, அன்னைக்குப் போச்சு" என்று சொல்லி, அதைச் சீஸ் ரூம் வாசலிலேயே மாட்டிவிட்டார். காலண்டரில் மட்டும் தேதி வேண்டாமாம்.

தோலில் மிளகு ஒட்டிய இடமெல்லாம் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தினமும் அதைப் புரட்டிப் போட்டு உப்புத் தண்ணீரில் துடைத்தவள் நான்தான். எனக்கே இப்போதுதான் அதன் முகம் தெரிந்தது.

அடுத்து கண் வைத்த சீஸ் வருகிறது. உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும், அதைத்தான் கண் என்கிறோம். கதகதப்பான ரூமில் வைத்தால் உள்ளேயே மூச்சு விட்டு மூச்சு விட்டு அதுவாகத் திறக்கும். வெளியே இருந்து தட்டினால் சத்தத்திலேயே தெரியும். எனக்குத் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது சகாயராஜ். இனிமேல் அவர்தான் கொண்டுவருவார். அவருக்கு மதியச் சோறு போட்டீர்களாம். அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பைப் பற்றி மூன்று நாளாகப் பேசுகிறார்.

மருமகள்,
ஜெயமேரி


மேட்டுப்பட்டி
20.8.1997

அன்பு ஜெயமேரிக்கு ஆசீர். பதில் எழுத நாளாகிவிட்டது. ஒரு மாதமாகச் சாவு அதிகம், படம் போடவே நேரம் சரியாக இருந்தது. அத்தைக்குக் காலில் புண் வந்து ஆறிவிட்டது.

தேதி விஷயத்தில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கண் வைத்த சீஸ் முடிந்தது. பதினேழு கண். எந்தப் படமானாலும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பேன் என்பது உனக்குத் தெரியும். சட்டை, காது, மூக்கு எல்லாம் முடித்துவிட்டு, கை கழுவி, ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுத்தான் கண்ணுக்கு வருவேன். சீஸுக்கும் அப்படியே செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சகாயராஜும் மந்திரம் சொன்னான். தாய் இல்லாத பிள்ளையாம். மூன்று வயதில் போய்விட்டாளாம், போட்டோகூட இல்லையாம். இந்த ஊரில் போட்டோ இல்லாதவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது.

ஜெயமேரி, ஒன்று கேட்கிறேன். செல்வத்தின் கண் எப்படி இருக்கும் என்று விவரமாக எழுதி அனுப்பு. எனக்குத் தெரியாமல் இல்லை. நீ பார்த்தது ஒரு மாதிரி இருக்கும், நான் பார்த்தது ஒரு மாதிரி இருக்கும். சரி பார்த்துக்கொள்ளத்தான்.

மாமா


சிறுமலை
31.8.1997

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும். புண் ஆறியது கேட்டு நிம்மதி. வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தேன்.

பதினேழு கண்ணும் பதினேழு விதமாக இருக்கிறது என்று பிரதர் பூரித்துப் போனார். இந்தத் தடவை சாம்பல் பூசிய சீஸ் வருகிறது. சின்னதாக, ஒரு பிடிக்குள் அடங்கும். கையில் ஒட்டும், பார்த்து எடுங்கள். சாம்பல் புதன்கிழமை நெற்றி மாதிரி இருக்கும். இங்கே மிளகுக்கொடி நன்றாக ஏறியிருக்கிறது. பஸ் இரண்டு நாளாக வரவில்லை. எனக்கு இருமல் நின்றுவிட்டது. சகாயராஜ் தூதுவளை பறித்துக் கொடுத்தார்.

வேறு விசேஷம் இல்லை.

ஜெயமேரி


மேட்டுப்பட்டி
26.10.1997

ஜெயமேரிக்கு. சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

சாம்பல் சீஸ் படம் இத்துடன் வருகிறது. செல்வம் படம் வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு அத்தை கல்யாணப் போட்டோவையே எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். அதில் பாதி நீ இருக்கிறாய். உன்னை மறைத்து மாலை போடுவது எப்படி என்று நேற்றிலிருந்து சண்டை.

நேற்று சகாயராஜ் வந்தபோது செல்வம் படத்தின் மேல் இருந்த துணி காற்றில் விலகிவிட்டது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், "அய்யா, இன்னும் கண்ணு வைக்கலீங்களா?" என்றான். "உன் சோலியப் பாருடா, சீஸ் கொண்டுவந்தமா போனமான்னு இரு" என்று கத்திவிட்டேன். சாப்பிடாமல் போய்விட்டான். ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிக்கச் சொல்.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

மாமா


சிறுமலை
12.11.1997

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும். இங்கே சுகம். அங்கே சுகம் அறிய ஆசை.

இம்முறை சீஸ் வாழைக்காய் லாரியில் வருகிறது. பேகம்பூர் கமிஷன் கடையில் கிதர் முகம்மது பாயிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் புரட்டி, நான் துடைத்து, நான் தட்டிப் பார்த்த சீஸ். சத்தம் சரியாக இல்லை. வெட்டிப் பார்த்தால் ஒரு கண்கூடத் திறக்கவில்லை, ஒரே மொழுக்கென்று இருக்கிறது. இதைக் குருடு என்று சொல்வார்களாம். தூக்கிப் போடப் போனேன், பிரதர் தடுத்தார். "கண்ணு திறக்கலைன்னா என்ன, உள்ள இருக்கிறது அதே பால்தானே. மாமாவுக்கு அனுப்பு. இதுக்கும் ஒரு படம் இருக்கட்டும்" என்றார்.

உங்கள் கேள்விக்கு அப்புறம் எழுதுகிறேன்.

ஜெயமேரி


மேட்டுப்பட்டி
18.12.1997

அன்பு ஜெயமேரிக்கு. கிறிஸ்து பிறப்புத் திருநாள் வாழ்த்து. அத்தை முறுக்கு சுட்டு டப்பாவில் வைத்திருக்கிறாள், வருகிற லாரியில் அனுப்புகிறேன். உனக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே?

குருட்டுச் சீஸ் படம் முடிந்தது. நான் வரைந்ததில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. கை கழுவி மந்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். திறக்க ஒன்றும் இல்லை. சும்மாவே செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எழுதப் போவதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லவில்லை. அத்தைக்கு இந்தப் பத்தியை வாசிக்க மாட்டேன். எனக்குச் செல்வத்தின் கண் ஞாபகம் வரவில்லை. அவன் நடை வருகிறது, சட்டைக் கையை மடிக்கிற விதம் வருகிறது, இருமினால் அவன் இருமல் என்று சொல்லிவிடுவேன். கண் மட்டும் வரமாட்டேன் என்கிறது. எட்டுத் தடவை வைத்து எட்டுத் தடவை அழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ பார்க்கிறார்கள். ஊரில் உள்ள பிணத்துக்கெல்லாம் கண் திறந்தவன், இருபத்தெட்டு வருஷம் கூடவே இருந்த பிள்ளையின் கண்ணைப் பார்க்காமலேயே விட்டிருக்கிறேன். அதனால்தான் உன்னைக் கேட்டேன். சரி பார்க்க என்று எழுதியது பொய்.

உன் கடைசிக் கடிதத்தை அத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். "அந்தப் பையன் பேரு வரலியே, நல்லா வாசிங்க" என்றாள். வரவில்லை என்றேன். கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டாள்.

மாமா


சிறுமலை
8.2.1998

அன்புள்ள மாமாவுக்கு. உங்களுக்கும் அத்தைக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தர வேண்டும். முறுக்குக்கு நன்றிகூட எழுதாமல் இரண்டு மாதம் இருந்துவிட்டேன். எழுதி எழுதிக் கிழித்தேன்.

மாமா, எனக்கும் மறந்துபோச்சு.

நீங்கள் ஆகஸ்டில் கேட்ட அன்றே உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வருஷமும் ஏழு மாதமும் அவரோடு இருந்தேன். விடிவதற்கு முன் லாரிக்குப் போவார், இருட்டிய பின் வருவார். நான் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தே பாதி நாள் போய்விட்டது. சிரித்தால் கண் சுருங்கும் என்று எழுத நினைத்தேன். அது உண்மையா, நானாகச் சொல்லிக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. பொய்யாக எழுதினால் நீங்கள் அதை அப்படியே வரைந்துவிடுவீர்கள். உண்மையை எழுதினால், "இம்புட்டுச் சீக்கிரமா மறந்துட்டாளே" என்று நினைப்பீர்கள். அதனால் சாரலையும் மிளகுக்கொடியையும் எழுதினேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை அத்தைக்கு வாசிப்பதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில், மாதா பிறந்தநாள் அன்றைக்கு, கூட வேலை பார்க்கிறவர் என்னைக் கேட்டார். பிரதரை வைத்துக்கொண்டுதான் கேட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரர் படத்த மாமா வரையிறாங்க. அது வரட்டும். அவரு மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். அக்டோபரில் அவர் உங்கள் வீட்டிலிருந்து வந்து, "இன்னும் கண்ணு வைக்கல ஜெயமேரி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவரைத் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. நீங்கள் இரண்டு பேரும்தான். நீங்கள் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுவேன். சத்தியமாக வருத்தப்பட மாட்டேன்.

வருத்தப்பட மாட்டேன் என்று எழுதியதும் பொய்தான் மாமா.

ஜெயமேரி


மேட்டுப்பட்டி
6.4.1998

அன்பு மகள் ஜெயமேரிக்கு. நானும் அத்தையும் இருக்கிறோம். முழங்காலுக்குத் தைலம் போடுகிறேன். நீ பனியில் தலையை மூடிக்கொண்டு போ.

உன் கடிதத்தை அத்தைக்கு முழுசாக வாசித்தேன், ஒரு வரி விடவில்லை. டிசம்பரில் நான் மறைத்து வைத்திருந்ததையும் அதோடு சேர்த்துச் சொன்னேன். அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "மொதல்ல சகாயராஜ் அண்ணன்னு எழுதுனா. ரெண்டாவது காயிதத்துலயே அண்ணன் போயிருச்சு. அப்புறம் பேரும் போயிருச்சு. பொம்பள எந்த ஆம்பள பேரச் சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருசமா உங்க பேர நான் சொன்னேனா?" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குத் தெரிந்தது, வாசித்துக்காட்டிய எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் பேச்சே இல்லை. கோபம் உன்மேல் இல்லை, யார்மேல் என்று அவளுக்கே தெரியாது.

தவக்காலம் முழுக்க நான் படத்தோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடியபடியே வரைந்து முடித்துவிட்டேன். போட்டோவில் எப்படி இருந்தானோ அப்படி. இமைக்கே நாலு நாள் ஆனது. என் கையிலிருந்து கண் திறக்காமல் இறங்கிய மனுசப் படம் இது ஒன்றுதான். பார்த்தால் செத்தவன் மாதிரி இல்லை, லாரி ஓட்டிவிட்டு வந்து நாற்காலியில் அசந்துவிட்டவன் மாதிரி இருக்கிறான். துணியை எடுத்ததும் அத்தை, "ஆமா, எம்புள்ளதான்" என்றாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

ஆகையால், தாயி, அவனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இனிக் காத்திருக்காதே. அவன் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சரி என்றும் சொல்ல மாட்டான், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டான். தூங்கட்டும். இந்தப் படத்தை உனக்கு அனுப்ப மாட்டேன். அது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும். மறந்ததைப் பற்றி இனிமேல் நீ ஒரு வார்த்தை எழுதக் கூடாது. பெற்ற எனக்கே மறந்துபோனதை நீ மட்டும் எப்படித் தூக்கிக்கொண்டு திரிவாய்?

நேற்று குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து வரும்போது அத்தை கேட்டாள், "அந்தப் பையனுக்குத் தாய் இல்லேன்னீங்களே, கல்யாணத்துக்கு யாரு பொங்குவா?" வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். அதைத் துலக்கிக்கொண்டே அரை மணி நேரம் ஒப்பாரி வைத்தாள். நான் உள்ளே போகவில்லை.

பங்குச் சாமியாரிடம் உன் கல்யாண ஓலைக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பாஸ்கா பெருநாள் கழிந்து மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இந்த மணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்று கேட்பார்கள். மூன்று ஞாயிறும் நானும் அத்தையும் முன் வரிசையில் உட்கார்ந்திருப்போம். யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

சகாயராஜைச் சனிக்கிழமை வரச் சொல். கருவாட்டுக் குழம்பு வைக்கிறாளாம்.

கல்யாணத்தன்று உன்னைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக ஆள் வேண்டுமே, அதற்கு நான் மேலே வருகிறேன். காலை முதல் பஸ். எனக்குப் பக்கத்தில் அத்தை, மடியில் அண்டா. பதினோராவது வளைவு வருவதற்கு முன்னால் சொல்லும்படி கண்டக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஒரு வளைவுக்கு மட்டும் நானும் கண்ணை மூடிக்கொள்வேன்.

இப்படிக்கு
உன் அப்பா
அந்தோணிமுத்து